புரண்டு படுத்தல்

ஆரோக்கியமாக இருக்கும் மனிதனிடம் நேற்றிரவு எத்தனை முறை புரண்டு படுத்தாய் என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. அந்தக் காரியத்தை அவனுடைய சரீரம் அவனைக் கலந்துகொள்ளாமலே செய்து முடித்துவிடுகிறது. லண்டனில் முதியோர் வைத்தியத்தில் ஈடுபட்டிருந்த எக்ஸ்டன்-ஸ்மித், ஷெர்வின் என்ற இருவருக்கு இந்த அற்ப விஷயத்தைக் கணக்கெடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஐம்பது முதியவர்கள் இரவில் தாமாக எத்தனை தடவை அசைகிறார்கள் என்று கருவி கொண்டு எண்ணி, கண்டதை 1961-இல் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஓர் இரவில் ஐம்பது தடவைக்கு மேல் அசைந்தவர்களில் ஒருவருக்கும் படுக்கைப் புண் வரவில்லை. இருபதும் அதற்குக் குறைவுமாக அசைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வந்தது.

நோயாளியைப் பராமரிப்பதற்கு மனத்தில் இரக்கமும் கையில் சுறுசுறுப்பும் இருந்தால் போதாதா, அதற்கு ஒரு சாஸ்திரமும், சித்தாந்தமும், எழுதிவைத்த நியமங்களும் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இந்த எண்ணிக்கையைத்தான் சொல்வது வழக்கம். இரக்கம் மிகுந்தவர், நோயாளி அசையாமல் அயர்ந்து உறங்குவதைக் கண்டு மகிழ்ந்து, விளக்கைத் தணித்துவிட்டு அடிமேல் அடிவைத்து வெளியே போய்விடுவார். சாஸ்திரம் அறிந்தவர் அந்த அசைவின்மையைக் கண்டு அஞ்சுவார்.

அஞ்சுவதற்குக் காரணம் எளிமையானது. தோலுக்கும் தசைக்கும் பிராணவாயுவைக் கொண்டுபோகும் தந்துகிகள் தலைமயிரைவிட மெல்லியவை. அவற்றினுள் ரத்தம் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்பதை 1930-இல் லாண்டிஸ் என்ற உடலியல் அறிஞர் நகக்கண்ணின் ஓரத்தில் நுண்குழாயைச் செலுத்தி அளந்தபோது, தமனியை அடுத்த முனையில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று கண்டார். சாதாரண மெத்தையில் மல்லாந்து படுத்தவனுடைய குதிகாலின் கீழும், முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பின் கீழும் ஏற்படும் அழுத்தம் இதைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட சதையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கழிவுகள் தேங்குகின்றன. சற்று நேரத்தில் அங்கே ஓர் அசௌகரியம் தோன்ற, தூக்கத்திலேயே நாம் புரள்கிறோம். விலகிய இடத்துக்கு ரத்தம் முன்னைவிட வேகமாகப் பாய்ந்து, கொஞ்ச நேரம் சிவந்து, பாக்கியை வட்டியோடு தீர்த்துவிட்டு அடங்குகிறது. பக்கவாதத்தால் விழுந்தவனுக்கும், தண்டுவடம் முறிந்தவனுக்கும், மயக்க மருந்தில் ஆழ்ந்தவனுக்கும், வெறும் தள்ளாமையால் சோர்ந்த கிழவனுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை, அல்லது சேர்ந்தாலும் நிறைவேற்றச் சக்தியில்லை. சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டி உள்ளே ஆரம்பிப்பதால், மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு புண் தெரியும்போது கீழே ஒரு கிண்ணம் அளவுக்கு அழுகியிருப்பதும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் புண்ணைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. பாரிஸ் நகரத்தில் நரம்பு வைத்தியத்தின் சக்கரவர்த்தியாக விளங்கிய ஷார்க்கோ, நரம்பு மண்டலத்தில் ஏற்பட்ட காயமே தோலை அழிக்கிறது என்றும், சில நோயாளிகளுக்கு அது மரணத்தின் முன்னறிவிப்பு என்றும் கருதினார். அவருக்கு முன்பே, 1853-இல், பிரௌன்-செக்கார் என்ற ஆராய்ச்சியாளர் தண்டுவடத்தை அறுத்த கினிப் பன்றிகளைச் சுத்தமாகவும் உடலின் ஒரே பகுதி அழுந்தாமலும் வைத்துக் காப்பாற்றி, அவற்றுக்குப் புண் வரவில்லை என்று காட்டியிருந்தார். அகங்காரம் மிகுந்த துறைகளில் நடப்பது போலவே இங்கும் பெரியவர் சொல்லே நெடுங்காலம் நின்றது. இதை நான் விவரிப்பது வைத்திய சரித்திரத்தின் ருசிக்காக மட்டும் அன்று. புண் நரம்பிலிருந்து வருகிறது என்றால் அது விதி. அதைத் தடுக்கத் தாதிக்குக் கடமை இல்லை, வந்தபின் துடைத்துக் கட்டுவதோடு அவள் வேலை தீர்ந்தது. அழுத்தத்திலிருந்து வருகிறது என்றால், வந்த ஒவ்வொரு புண்ணுக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு தொழிலில் எது கடமை, எது தெய்வச் செயல் என்று எல்லைக் கல் நடுவது அந்தத் தொழிலின் சித்தாந்தமே.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்தக் கல்லைத் துணிந்து வெகுதூரம் தள்ளி நட்டார். 1859-ஆம் ஆண்டு தேதியிட்டு வந்த அவருடைய சிறு நூலின் ஆரம்பத்திலேயே, நோயாளிக்குக் குளிர் எடுத்தால், ஜுரம் கண்டால், படுக்கைப் புண் வந்தால் அது பொதுவாக வியாதியின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்ற கருத்தை எழுதிவிட்டார். அதே அம்மையார்தான் இத்தொழிலுக்குத் தேர்வு வைத்துப் பதிவேட்டில் பெயர் எழுதும் யோசனையைக் கடைசிவரை எதிர்த்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நல்ல தாதியின் லட்சணம் அவளுடைய ஒழுக்கத்தில் இருக்கிறது, ஒழுக்கத்துக்குப் பரீட்சை வைக்க முடியாது என்பது அவர் கட்சி. எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற மற்றோர் ஆங்கிலத் தாதி, வைத்தியனுக்குப் பதிவு உண்டென்றால் எங்களுக்கும் வேண்டும் என்று 1887 முதல் போராடினார். 1901-இல் நியூஸிலாந்து முந்திக்கொண்டு சட்டம் இயற்றியது. பிரிட்டனில் அது 1919-இல்தான் வந்தது. சென்னை மாகாணத்தில் நர்ஸுகளுக்கும் மருத்துவச்சிகளுக்குமான சட்டம் 1926-இல் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-இல் நிறைவேறியது. வேலூரிலும் டில்லியிலும் 1946-இலேயே இதற்குப் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டது. இரு அம்மையாரில் யார் சொன்னது சரி என்று கேட்டால், இருவரும் பாதி சரி என்பேன்: ஒழுக்கத்துக்குப் பரீட்சை இல்லைதான், ஆனால் குதிகால் ஏன் அழுகுகிறது என்ற கேள்விக்குப் பரீட்சை உண்டு, அதில் தேறாதவளுடைய ஒழுக்கம் நோயாளியின் குதிகாலைக் காப்பாற்றாது.

நம்முடைய முன்னோர்களும் இந்த இடத்தில் சறுக்கவில்லை. வள்ளுவர் மருந்தை நான்கு கூறாக்கியபோது நோயாளி, வைத்தியன், மருந்து இவற்றோடு உடனிருந்து பார்ப்பவனாகிய உழைச்செல்வானுக்கும் ஒரு கூற்றைக் கொடுத்தார். சரக சம்ஹிதை அப்பணியாளனுக்கு நான்கு குணங்களை வகுக்கும்போது அன்பையும் தூய்மையையும் சாமர்த்தியத்தையும் சொல்வதோடு உபசாரம் செய்யும் முறையை அறிந்திருப்பதையும் சேர்த்துக்கொண்டது. அறிவும் குணத்தோடு குணமாக எண்ணப்பட்டது கவனிக்கத்தக்கது.

ஆயினும் இத்தொழிலின் தனிப்பட்ட காரியம் யாது, வைத்தியனுடைய கையாள் என்பதற்கு அப்பால் தாதிக்குச் சொந்தமாக ஏதேனும் உண்டா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வர, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் தாதியான வர்ஜீனியா ஹெண்டர்சன் 1955-இல் ஒரு பாடப்புத்தகத்தில் வகுத்து, 1960-இல் அகில உலகத் தாதியர் சங்கம் வெளியிட்ட சிறு நூல் மூலம் உலகெங்கும் பரவிய இலக்கணம் இது: பலமும் மனோதிடமும் அறிவும் இருந்தால் ஒருவன் பிறர் துணையின்றித் தானே செய்துகொள்ளக் கூடிய காரியங்களை, அவை இல்லாதபோது அவனுக்காகச் செய்து கொடுத்து, கூடிய சீக்கிரம் அவன் தானே செய்துகொள்ளும்படி விட்டு விலகுவதே தாதியின் பிரத்தியேகப் பணி. இப்படிப்பட்ட காரியங்கள் பதினான்கு என்று அவர் எண்ணினார். மூச்சு விடுவது, உண்பது, கழிப்பது என்று தொடங்கும் அந்த வரிசையில் நான்காவதாக, அசைவதும் சௌகரியமாகப் படுப்பதும் வருகின்றன. இந்தத் துறையில் சித்தாந்தங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் சிலவற்றைப் படித்து முடித்தபின் நோயாளி எந்தப் பக்கம் போனான் என்று தேட வேண்டியிருக்கிறது. ஹெண்டர்சனுடையது நோயாளியின் கட்டிலருகிலேயே நிற்கிறது. உறங்கும் மனிதன் தனக்கே தெரியாமல் செய்துகொள்ளும் காரியத்தை, உறங்காத ஒருத்தி தெரிந்தே அவனுக்காகச் செய்கிறாள் என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம்.

அதை முழு அளவில் செய்து காட்டிய இடம் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரி. ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த யூத வைத்தியர் லுட்விக் கூட்மன் 1944 பிப்ரவரி முதல் தேதியன்று அங்கே தண்டுவடம் முறிந்தோருக்கான பிரிவைத் தொடங்கியபோது, அத்தகைய போர்வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்ப் பாதையில் தொற்றிய சீழாலும் இறப்பது நியதி என்றே உலகம் நம்பியிருந்தது. கூட்மன் கட்டளையிட்டது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பகலிலும் இரவிலும், ஒவ்வொருவரையும் திருப்பிப் போட வேண்டும் என்பதே. நிறைவேறுகிறதா என்று பார்க்க அவரே நள்ளிரவில் வந்து நிற்பார். சாக விதிக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1948 ஜூலையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதில் கலந்துகொண்டவர்கள் பதினாறு பேர். பாராலிம்பிக் பந்தயங்களின் வித்து அதுதான்.

‘திருப்பிப் போடுவது’ என்று எழுதுவது சுலபம். அது எப்படி நடக்கிறது என்பதை ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் ஒரு நள்ளிரவில் நான் உடனிருந்து பார்த்தேன். தொடையெலும்பு முறிந்து பல நாட்களாகப் படுத்திருந்த எண்பது வயதுக்காரர். அவருக்கு இருபுறமும் இரண்டு நர்ஸுகள்.

“தாத்தா, இப்ப உங்களை இடது பக்கம் திருப்பப் போறோம். வலது கையைத் தூக்கி நெஞ்சு மேல வச்சுக்கோங்க. நீங்க ஒண்ணும் முக்க வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்.”

“இப்பத்தானே அம்மா திருப்பினீங்க?”

“ரெண்டு மணி நேரம் ஆச்சு தாத்தா. நல்லாத் தூங்கிட்டீங்க.”

அவருக்கு அடியில் குறுக்கே போட்டிருந்த துணியை இருவரும் அவருடைய உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, இழுக்காமல், ஒரே மூச்சில் தூக்கி நகர்த்தினார்கள். இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு பின்தங்க, எலும்பு மட்டும் முன்னே நகர்ந்து, நடுவிலுள்ள ரத்தக் குழாய்கள் முறுக்கிய கயிறுபோல் நசுங்கிவிடும். பின்பு முதுகுக்கு ஒரு தலையணையை அண்டை கொடுத்து, முழுக்க ஒருக்களிக்க விடாமல், முப்பது டிகிரி அளவுக்குச் சாய்த்தார்கள். முழுக்க ஒருக்களித்தால் பாரம் இடுப்பு எலும்பின் முனையில் இறங்கும். முழங்கால்களுக்கிடையே ஒன்று, கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் ஒன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. மூத்தவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே வந்து, முதுகுக்கடியில் கிடந்த ஒரு பிஸ்கெட் துணுக்கைத் தட்டிவிட்டாள். இளையவள் டார்ச் விளக்கை அடித்துக் குதிகாலைப் பார்த்தாள். கால்மாட்டில் தொங்கிய தாளில் மணியை எழுதினாள். எல்லாமாக ஐந்து நிமிஷம். முதியவர் நான்காவது நிமிஷத்திலேயே தூங்கிவிட்டார்.

இந்த ஐந்து நிமிஷத்துக்குப் பதிலாக வேறு எதையாவது செய்துவிடலாமா என்று மனித குலம் முயன்ற முயற்சிகளின் பட்டியல் நீண்டது. 1832-இல் நீல் ஆர்னாட் என்ற வைத்தியர் இதற்காகவே நீர்ப்படுக்கையைக் கண்டுபிடித்தார். அது நல்ல யோசனை, அதன் வம்சத்தில் வந்தவைதான் இன்று வார்டுகளில் வாட்டர் பெட் என்றும் ஆல்ஃபா பெட் என்றும் வழங்குகின்றன. சாராய ஸ்பிரிட்டைத் தேய்ப்பது, பௌடர் போடுவது, முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசி அதன்மேல் பிராணவாயுவை ஊதுவது ஆகியவையோ ஒரு தலைமுறை நர்ஸ் மறு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த சடங்குகள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது அன்பின் அடையாளமாகவே கருதப்பட்டது. ஏற்கனவே நைந்த திசுவை அது இன்னும் சிதைக்கிறது என்று அறிந்து இப்போது விலக்கியிருக்கிறார்கள். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலத் தாதி, தம் சகாக்களோடு 1962-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முறையாகத் திருப்பிப் படுக்க வைப்பதற்கு ஈடாக எந்தப் பூச்சும் இல்லை என்று காட்டினார். கூடவே யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டி மதிப்பிட ஓர் அளவுகோலையும் கொடுத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் சக்தி, மலஜலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் தலா நான்கு மதிப்பெண். இருபதுக்குப் பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் எச்சரிக்கை. 1987-இல் அமெரிக்காவின் பிரேடனும் பெர்க்ஸ்ட்ராமும் ஆகாரத்தையும் ஈரத்தையும் உராய்வையும் சேர்த்து இன்னொன்றை அமைத்தார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் அதிகம் காணப்படுவது அதுதான்.

அளவுகோல்களை வழிபடவும் கூடாது. தேர்ந்த நர்ஸின் கண்ணைவிட அவை அதிகம் காப்பாற்றுகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. கூட்மனின் இரண்டு மணி நேரமும் வேதவாக்கு அன்று. 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதியோர் இல்லங்களில் அடர்ந்த நுரை மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு மணிக்கொரு முறையும் மூன்று மணிக்கொரு முறையும் நான்கு மணிக்கொரு முறையும் திருப்பிப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. மெத்தை மாறினால் மணிக்கணக்கும் மாறும். மரணம் நெருங்கிய சரீரத்தில், எவ்வளவு காத்தாலும், தோலும் ஓர் உறுப்பாகத் தோற்றுப்போவது உண்டு என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். அந்த அளவுக்கு நைட்டிங்கேலின் தீர்ப்பு கடுமையானது. ஷார்க்கோவுக்கும் ஒரு துளி நியாயம் மிச்சம் இருந்திருக்கிறது.

இனி, சொந்தக் கதை ஒன்று. என் தகப்பனார் இடுப்பு முறிந்து ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய கால்மாட்டிலும் அப்படி ஒரு தாள் தொங்கிற்று. இரவு எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று ஆறு கட்டங்களிலும் கையெழுத்து இருந்தது. ஆறும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. அன்று இரவு முழுவதும் விழித்திருந்த எனக்கு, அவரை இரண்டு முறைதான் திருப்பினார்கள் என்பது தெரியும். ஐந்தாம் நாள் அவருடைய முதுகின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்த என் தாயார் திடீரென்று கையை நிறுத்தி, “இந்த இடம் மட்டும் ஏன் சுடுது?” என்றார். பாடப்புத்தகங்கள் சொல்லும் சிவப்பை நாங்கள் யாரும் காணவில்லை, காணவும் முடியாது. அந்தச் சிவப்பு வெள்ளைக்காரரின் தோலைப் பார்த்து எழுதியது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது சுற்றுப்புறத்தைவிடச் சற்றே கருத்தோ ஊதாவாகவோதான் தெரியும். கண்ணைவிடக் கைதான் அங்கே நம்பத் தகுந்தது. சூடு, கெட்டிப்பு, அல்லது கொழகொழப்பு என்று கைக்குத் தெரியும்.

பொய்க் கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்ணின்மேல் அப்போது எனக்கு வந்த கோபம் பிற்பாடு ஒரு கணக்குப் போட்டபோது திசை மாறிற்று. நாற்பது கட்டில்கள், இரவு ட்யூட்டிக்கு இரண்டே பேர். தாமாகத் திரும்ப முடியாதவர்கள் பத்துப் பேர் என்றால், பன்னிரண்டு மணி நேரத்தில் அறுபது முறை திருப்ப வேண்டும். முறைக்கு ஐந்து நிமிஷம் வீதம் முந்நூறு நிமிஷம், அதாவது இருவருமாகச் சேர்ந்து ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் மற்ற முப்பது பேருக்கு ஆள் இல்லை. நியமத்தை எழுதிய கை, ஆளைக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அவள் மையால் நிரப்பினாள். இது வெறும் ஊகம் அன்று: லிண்டா ஐக்கன் என்ற தாதி ஆராய்ச்சியாளரும் குழுவினரும் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் ஏழு சதவீதம் கூடியிருந்தது. கையெழுத்து பொய் என்பதும் உண்மை. அதற்கு முழுப் பொறுப்பாளி அவள் அல்ல என்பதும் உண்மை.

எங்கள் தகப்பனாரின் புண், தோல் உடையும் முன்னே அகப்பட்டுவிட்டதால், வீட்டார் முறைவைத்துக்கொண்டு திருப்பிப் படுக்க வைக்க, பத்து நாளில் ஆறிற்று. படுத்த படுக்கையாக ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக் கூடும். அப்படி இருப்பின், இன்றிரவு விளக்கை அணைக்கும் முன் அவருடைய இரண்டு குதிகால்களையும், இடுப்பின் இரு முனைகளையும், முதுகின் அடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள்; பாரம் அதன்மேல் படாதபடி அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, கெண்டைக்காலுக்கு ஒரு தலையணை கொடுத்து, மணியைக் குறித்துவைத்துக்கொண்டு, காலையில் நர்ஸிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள்.